தொண்ணூறு எண்பத்தெட்டான ஞாயிறு

வெண்டெலுக்கு அந்தக் கோவிலில் உட்கார இடமில்லை. பெஞ்சுகள் நிரம்பி வழிந்தன என்று நினைத்துவிட வேண்டாம். திஸாகோர்த்தே கிராமத்துக் கோவிலில் எந்த ஞாயிறும் பாதிப் பெஞ்சுகள் காலியாகத்தான் கிடக்கும். ஆனால் காலியாகக் கிடக்கும் இடத்துக்கும் அங்கே ஆள் உண்டு. இடது பக்கம் ஆண்கள், வலது பக்கம் பெண்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வரிசை, வரிசைக்குள் அவரவருக்கு ஓர் இடம். ஆள் புடாபெஸ்டுக்குப் பிழைக்கப் போயிருந்தாலும் இடம் அவருடையதுதான். செத்துப்போயிருந்தால் இன்னும் கெட்டியாக அவருடையது.

கல்யாணமான புதிதில் வெண்டெல் இது தெரியாமல் ஒரு மூலையில் போய் உட்கார்ந்தான். பக்கத்தில் ஒருவர் வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"அது எங்க சித்தப்பா இடம்."

"அவர் இன்னும் வரலையே?"

"எப்படி வருவாரு? அவரைப் பொதைச்சு ரொம்ப நாளாச்சு."

எழுந்து தூணோரம் போனான். அங்கே கனடாவில் இருக்கும் யாருடைய பேரனோ உட்கார்ந்திருந்தான், அதாவது உட்கார்ந்திருக்கவில்லை. அடுத்த ஞாயிறு பின்வரிசை. அங்கே ஒரு கிழவர், "பரவாயில்லை, உட்காருங்க" என்று சொல்லிவிட்டு, பிரசங்கம் முழுவதும் பெருமூச்சு விட்டுக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு வெண்டெல் கதவோரம் தொப்பிகள் மாட்டும் கொக்கிகளுக்குக் கீழே நிற்க ஆரம்பித்தான். நின்றது நின்றதுதான். வருடங்கள் ஓடிவிட்டன. சிலர் பழக்கதோஷத்தில் தொப்பியை அவன் கையிலேயே கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அவன் கத்தோலிக்கன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பன்றி வளர்த்த குடும்பம். வெண்டெல் என்ற பெயரே ஆடுமாடுகளைக் காக்கும் புனிதரின் பெயர் என்பதால், பெயரைச் சொன்ன உடனே எந்தக் கரை ஆள் என்று தெரிந்துவிடும். இந்தக் கரையில் எல்லாரும் சீர்திருத்த சபைக்காரர்கள். கோபுரத்தின் உச்சியில் சிலுவைக்குப் பதில் தகரச் சேவல். பெயர்களெல்லாம் ஆரோன், ஆப்ரஹாம், சாம்சொன், ராஹெல். வெளியிலிருந்து வந்தவனுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'வந்துட்டுப் போறவன்'. வந்தவன் எத்தனை வருடம் ஆனாலும் போகாமல் இருந்தால் அதற்கு அவர்களிடம் வேறு சொல் கிடையாது.

தன் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் வெண்டெல். மின்னணுப் பொறியாளன். ஸோல்நோக் நகரத்தில் பேருந்துகளின் நெற்றியில் எரியும் எண் போர்டுகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. "எங்க பையன் நம்பரை மின்ன வைக்கிறான்" என்று அவன் அம்மா பன்றிச் சந்தையில் சொல்லிக்கொள்வாள். ராஹெலை அவன் சந்தித்ததும் அப்படி ஒரு நம்பரால்தான். நிலையத்தில் நின்ற ஒரு பேருந்தின் போர்டைச் சரிசெய்து 88 எரியவிட்டிருந்தான். இசைப்பள்ளியிலிருந்து வந்த ஒரு பெண் அதில் ஏறி உட்கார்ந்து, வெகுநேரம் கழித்துக் கேட்டாள்:

"இது எப்பக் கிளம்பும்?"

"கிளம்பாதுங்க. எண்பத்தெட்டுன்னு ஒரு ரூட்டே கிடையாது. எல்லாக் கோடும் எரியுதான்னு பார்க்கப் போட்டது."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க அவ்வளவு நம்பிக்கையா ஏறுனீங்க. கலைக்க மனசு வரல."

அந்த ராஹெல்தான் திஸாகோர்த்தே கோவிலின் ஆர்கன் வாசிப்பவள். அவள் அப்பா பாகோ ஆப்ரஹாம் அந்தச் சபையின் தலைமை மூப்பர். முன்வரிசையில், பிரசங்க மேடைக்கு நேர் கீழே அவர் இடம். அவருக்குப் பக்கத்து இடம் அவருடைய தம்பி ஆரோனுடையது. ஆரோன் இறந்த பிறகு அந்த இடத்தில் யாருமில்லை. அதாவது, ஆரோன்தான். மருமகனை அங்கே கூப்பிடும் எண்ணம் ஆப்ரஹாமுக்கு வந்ததாகத் தெரியவில்லை. மருமகனிடம் அவர் 'நீங்க' என்றுதான் பேசுவார். மரியாதை என்று தோன்றும். காதில் விழும்போது கதவைச் சாத்துவது போல இருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் பாட்டுப் பலகை விழுந்தது.

கோவிலில் எந்தப் பாட்டு என்று யாரும் வாயால் சொல்வதில்லை. போதகர் சொன்னால் சபைக்கு எழுத்து தெரியாது என்று அர்த்தமாகிவிடுமாம். சுவரில் ஒரு மரப்பலகை, அதில் ஆணிகள், ஆணிகளில் எண் தகடுகள். பலகை என்ன சொல்கிறதோ அதை ஆர்கன் வாசிக்கும், அதைச் சபை பாடும். கேள்வி கிடையாது. சிக்கல் என்னவென்றால் ஆறுக்கும் ஒன்பதுக்கும் ஒரே தகடு. ஆணி தளர்ந்திருந்த ஒரு ஞாயிறு, ஆறு தலைகீழாகப் புரண்டு ஒன்பதானது. பாட்டின் பாதியில் சபை பக்கத்தைப் புரட்டி வேறு பாட்டுக்குப் போனது. அப்போதும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரம் பலகையே கீழே விழுந்து உடைந்தது.

மூப்பர்கள் கூட்டத்தில் போதகர் இல்லேஷ் மெல்ல ஆரம்பித்தார்.

"இப்ப எல்லா ஊர்லயும் எரியுற நம்பர் போர்டு வச்சிட்டாங்க. நம்ம வெண்டெல்கிட்ட சொன்னா…"

"அவரு பஸ் போர்டு ஆளு" என்றார் ஆப்ரஹாம். "நம்ம கோவில் என்ன பஸ் ஸ்டாண்டா?"

"என் நாற்காலியிலேயே பொத்தான் இருக்கும். அமுக்கினா எரியும். தகடு, ஆணி, முக்காலி ஒண்ணும் வேண்டாம்" என்றார் போதகர்.

"தலைகீழாத் திரும்புமா?"

"திரும்பாது."

ஆப்ரஹாம் அரைமனதாக, "சரி. புது ரொட்டித் திருநாளுக்கு வச்சுப் பார்ப்போம். சரிப்படலேன்னா மரப்பலகை திரும்ப ஏறிடும்" என்றார்.

வெண்டெல் அன்று வீட்டில் குதித்தான். ராஹெல் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"இதை மட்டும் ஒழுங்கா செஞ்சிட்டேன்னு வை. ஒரு ஆளு எனக்கு ஒரு இடம் தள்ளிக் குடுக்காமலா போயிடுவான்?"

"போர்டைச் செய். பெஞ்சைப் பத்தி நெனைக்காத."

"நெனைக்கல."

"நெனைக்கிற. உன் காது சிவக்குது."

எந்த இலக்கத்தையும் காட்டக்கூடிய பெரிய எண் விளக்குகள் மூன்று தபாலில் வந்தன, ஒவ்வொன்றும் முழங்கை நீளம். ஒன்று வழியிலேயே விரிசல் விட்டிருந்தது. அதற்கு மாற்று வரும்வரை இரண்டே போதும் என்று மூப்பர்கள் முடிவு செய்தார்கள். நூற்றுக்குக் கீழே உள்ள பாட்டுகளை மட்டும் வைத்துத் திருநாளை ஓட்டிவிடலாம் என்று போதகரும் ஒத்துக்கொண்டார்.

இனி டிரைவர் விஷயம். வெண்டெல் மாமனாரிடம் அந்தச் சொல்லைச் சொல்லி மாட்டிக்கொண்டான்.

"டிரைவர் எதுக்கு? போர்டு எங்க ஓடப்போகுது?"

"அது வேற டிரைவர், மாமா. இந்த எண்ல ஏழு கோடு இருக்கு. ஒவ்வொரு கோட்டுக்குள்ளயும் வரிசையா பல விளக்கு. அதனால பன்னிரண்டு வோல்ட் குடுத்தாத்தான் எரியும். உத்தரவு போடற மூளைச் சிப்புக்கு அஞ்சு வோல்ட்தான் தெரியும். நடுவுல ஒரு ஆள் வேணும்ல, அஞ்சு சொல்றதைக் கேட்டுப் பன்னிரண்டை ஓட்ட?"

"அப்ப அது டிரைவர் இல்ல, மேஸ்திரி" என்றார் ஆப்ரஹாம். தப்பில்லை.

அந்த மேஸ்திரியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் வெண்டெலுக்கும் பட்டறையில் பக்கத்து மேசைக்காரன் திஹமேருக்கும் தகராறு வந்தது. திஹமேர் எப்போதும் வாயில் ஒரு பொகாச்சாவோடு இருப்பான். பன்றிக்கொழுப்பு போட்ட அந்தச் சின்ன ரொட்டியின் துகள்கள் அவன் பழுதுபார்த்த எல்லாப் போர்டுகளுக்குள்ளும் கிடைக்கும்.

"எண்ணுக்கு ஒரு சிப் போடு" என்றான் திஹமேர். "அம்பது வோல்ட் தாங்குற கால் உள்ளது. மூளை என்ன காட்டணும்னு வரிசையா உள்ள தள்ளிவிடும், சிப் அதைப் பிடிச்சு வச்சுக்கும். எந்தக் கோடு எரியணுமோ அந்தக் காலைக் கீழ இழுத்து எரியவிடும். எண்ணுக்குக் கரண்ட் உள்ள வர்ற தலையைப் பன்னிரண்டுல நிரந்தரமாக் கட்டிப் போட்டுடலாம். முடிஞ்சது. போய் சூப் குடி."

"அதுல என்னடா இருக்கு? யாரு வேணா செய்வான்."

"அதான் நல்லது."

"நான் வேற யோசிச்சிருக்கேன். ரெண்டு எண்ணுக்கும் ஏழே கம்பி பொது. கம்பியைக் கீழ இழுக்க ஒரே சிப். ஒவ்வொரு எண்ணோட தலையிலயும் ஒரு டிரான்சிஸ்டர், வாசல்காரன் மாதிரி. முதல் எண் எரியறப்போ ரெண்டாவது வாசல் சாத்தியிருக்கும். அப்புறம் மாத்தி. அவ்வளவு வேகமா மாறுறதுல கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணா எரியற மாதிரி தெரியும். பாதிச் சாமான் மிச்சம்!"

"மிச்சம் பிடிச்சு?"

வெண்டெல், மூன்றாவது எண் வந்தாலும் அதே சிப் போதும் என்று ஏதோ சொன்னான். உண்மையான பதில் வேறு. யார் வேண்டுமானாலும் செய்யக்கூடியதைச் செய்தால் தன்னை யாராகப் பார்ப்பார்கள்? யாரோ ஒருவனாக. கல்லூரியில் முதல் வருடம் முழுக்க, மற்ற பையன்கள் வீட்டிலேயே கேட்டுப் பழகிய சொற்களை இவன் நூலகத்தில் தேடித்தேடிக் கற்றவன். அதனாலோ என்னவோ, சுலபமான வழியைப் பார்த்தாலே அதில் தனக்குத் தெரியாத ஏதோ ஓர் அவமானம் ஒளிந்திருக்கிறது என்று அவனுக்குச் சந்தேகம் வரும். சுலபமாக இருந்தால் அது தவறாக இருக்கவேண்டும். கஷ்டமாக இருந்தால்தான் தான் படித்தது வீணில்லை. இப்படி நினைப்பது முட்டாள்தனம் என்றும் அவனுக்குத் தெரியும். தெரிந்தும் டிரான்சிஸ்டர்களை எடுத்தான்.

மேசையில் சின்ன எண்களை வைத்து, ஐந்து வோல்ட்டிலேயே சோதித்தான். அழகாக வேலை செய்தது. 12 என்றால் 12. 47 என்றால் 47. திஹமேர்கூடத் தலையாட்டினான். துகள்கள் உதிர்ந்தன.

திருநாளுக்கு முந்தின நாள் கோவிலில் பெரிய எண்களை மாட்டினான். போதகரின் நாற்காலிக்கு நேர் மேலே, சுவரில். போதகர் உட்கார்ந்திருந்தால் போர்டு அவர் தலைக்கு மேல் இருக்கும், அவருக்குத் தெரியாது. பொத்தான்கள் நாற்காலியின் கையில். மின்கம்பி மூப்பர்களின் பெஞ்சுக்குப் பின்னால் ஓடி ஒரு பிளக்கில் முடிந்தது. ஆப்ரஹாம் தன் இடத்தில் கைகட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு திருகாணியையும் கண்ணாலேயே முறுக்கினார்.

வெண்டெல் பட்டறை வழக்கப்படி சோதித்தான். அங்கே எல்லாருக்கும் ஒரே வழக்கம்தான்: எல்லா எண்ணிலும் ஒரே இலக்கத்தைப் போட்டு ஏறுவரிசையில் ஓட்டுவார்கள். 00, 11, 22, 33. எந்தக் கோடாவது எரியாவிட்டால் பக்கத்து எண்ணோடு ஒப்பிட்டு உடனே பிடித்துவிடலாம். பழுது பார்ப்பவனுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. 88 வந்ததும் நிறுத்தினான். பதினான்கு கோடுகளும் பழுத்த மிளகாய்ச் சிவப்பில் எரிந்தன. சுண்ணாம்புச் சுவரே லேசாகச் சிவந்தது.

"எண்பத்தெட்டா?" ஆப்ரஹாம் முகத்தைச் சுளித்தார். "வேற நம்பரே கிடைக்கலியா?"

"ஏன் மாமா?"

"அது இழவுப் பாட்டு. புத்தகத்திலேயே அதைவிட அழுமூஞ்சிப் பாட்டு கிடையாது. மத்த சோகப் பாட்டெல்லாம் கடைசியில ஒரு ஆறுதல் சொல்லும். இது இருட்டுலயே முடியும். ஆரோனுக்குப் பாடினது. அதுக்கப்புறம் யாரும் பாடல."

வெண்டெல் அவசரமாக 99 போட்டுவிட்டு அணைத்தான்.

மறுநாள் கோவில் நிரம்பியிருந்தது. திருவிருந்து மேசையில் புது அறுவடை மாவில் சுட்ட ரொட்டி, தலையணை பருமனுக்கு. வெண்டெல் தன் கொக்கிகளுக்குக் கீழே நின்றான். அன்று சலவைச் சட்டை. இரண்டு பேர் அவனிடம் தொப்பி கொடுத்தார்கள். மாடியில், அவன் தலைக்கு மேலே, ராஹெல் ஆர்கனில் காத்திருந்தாள். போதகர் நாற்காலியில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினார். எல்லா ஆராதனையும் தொடங்குவது தொண்ணூறாம் பாட்டில்தான். ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

வெண்டெல் போர்டைப் பார்க்கவில்லை. ஜனங்களின் முகங்களைப் பார்த்தான். சிவப்பு வெளிச்சம் பட்டு எல்லா முகமும் ஒரே நேரத்தில் நிமிர்ந்ததை, எல்லாப் புருவமும் ஒரே நேரத்தில் உயர்ந்ததை, வியப்பு என்று எடுத்துக்கொண்டான். வியப்புதான்.

போர்டில் 88.

ஆர்கன் ஒரு மூச்சு தயங்கியது. நடுக்கோடு கொஞ்சம் மங்கலாக இருந்ததை ராஹெல் கவனித்தாள். தூசி என்று நினைத்தாள். போதகர் போட்டது போதகர் போட்டதுதான். வாசித்தாள். சபை பக்கத்தைப் புரட்டி, கல்லறை வாசலில் நிற்பது போல் எழுந்து நின்று, எண்பத்தெட்டைப் பாடியது.

போதகர் இல்லேஷ் நாற்காலியில் உறைந்துபோனார். தொண்ணூறு போட்டால் சபை ஏன் இழவுப் பாட்டு பாடுகிறது? ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். காலையில் யாரோ போயிருக்கிறார்கள், ஊருக்கே தெரிந்திருக்கிறது, தனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. கேட்டால் அசிங்கம். எழுந்து ஜெபத்தில் கவனமாக ஒரு வரி சேர்த்துக்கொண்டார்: "இன்று நம் நடுவே இல்லாதவரையும் நினைத்தருளும்."

சபை கண்ணைத் திறந்தது. யார் இல்லை? தலைகள் திரும்பின. பெஞ்சு பெஞ்சாக எண்ண ஆரம்பித்தார்கள். இடங்கள் நிரந்தரமாக இருப்பதில் இது ஒரு வசதி: மூன்றாவது வரிசை, தேனீ வளர்க்கும் சாம்சொனின் இடம் காலி.

"ஐயோ, சாம்சொன்!" என்று பெண்கள் பக்கம் ஒருத்தி மெல்லச் சொன்னாள்.

"நேத்துதானே எனக்கு ஒரு ஜாடி குடுத்தான்."

"இதயமா?"

"தேனீயா இருக்கும்."

போதகர் இரண்டாவது பாட்டுக்கு 25 அமுக்கினார். போர்டில் 88. இந்தத் தடவை தயக்கம்கூட இல்லை. ஆனால் ஒரு குழப்பம்: மறுபடி முதலிலிருந்தா, விட்ட இடத்திலிருந்தா? ஆண்கள் முதல் சரணத்தைப் பிடித்தார்கள். பெண்கள் நாலாவதிலிருந்து தொடர்ந்தார்கள். எந்தப் பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு துயரங்களும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கண்ணாடி ஜன்னல்கள் அதிர்ந்தன. முன்வரிசையில் ஆப்ரஹாம் பாடுவதை நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்தினார். அவர் கை, பக்கத்தில் காலியாக இருந்த ஆரோனின் இடத்தின் மேல் கிடந்தது.

வெண்டெல் இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்பதுதான் கொடுமை. அவன் கத்தோலிக்கன். இத்தனை வருடம் நின்று கேட்டும் இவர்கள் பாட்டில் எது எதுவென்று அவனுக்குப் பிடிபட்டதில்லை; புது ரொட்டிக்காக இந்த வருடம் உருகி அழுகிறார்கள் என்று நினைத்தான். முந்தின நாள் மாமனார் சொன்னது நினைவுக்கு வந்து, போர்டை நிமிர்ந்து பார்க்கப் போனபோது, அவன் முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது.

சாம்சொன் உள்ளே வந்தார். தூங்கிவிட்டார். தொப்பியைக் கழற்றி வெண்டெல் கையில் கொடுத்தார்.

முதலில் பார்த்தவள் கத்தினாள். அடுத்தவள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். சாம்சொன் நடுவழியில் நின்று, தன்னைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்ளாத குறையாக விழிக்கும் ஊரைப் பார்த்து, "என்ன ஆச்சு? யாரு செத்தது?" என்றார்.

"நீதான்டா" என்றார் பக்கத்து இடத்துக்காரர்.

குழப்பத்தை அடக்க போதகர் அவசரமாக மூன்றாவது பாட்டை அமுக்கினார். நாற்பத்திரண்டு. இந்தத் தடவை வெண்டெலின் கண் போர்டில் இருந்தது. முதல் பொத்தானுக்கு இரண்டு எண்களிலும் 4 எரிந்தது. ஒன்றில் அல்ல, இரண்டிலும். அடுத்த பொத்தானுக்கு 44-இன் மேல் 22 ஏறி உட்கார்ந்தது. நாலில் இல்லாத கோடுகள் எல்லாம் இரண்டில் இருந்தன. சேர்ந்தால் எட்டு. இரண்டு எட்டு.

அவனுக்கு ஒரு நொடியில் எல்லாம் தெரிந்தது. தலையில் நின்ற வாசல்காரர்கள் வாசலைச் சாத்தவே இல்லை. பன்னிரண்டு வோல்ட்டில் நிற்கும் டிரான்சிஸ்டரைச் சாத்த வேண்டுமென்றால் 'சாத்து' என்ற உத்தரவும் பன்னிரண்டுக்கு ஏற வேண்டும். இவன் மூளைச் சிப்பு ஐந்தில் நின்று முணுமுணுத்தது. மேலே இருந்தவனுக்கு அது காதிலேயே விழவில்லை. மேசையில் எல்லாம் ஐந்தாக இருந்ததால் விழுந்தது. கோவிலில் 11, 22 என்று ஒரே இலக்கமாகச் சோதித்ததால், ஒன்றின் மேல் ஒன்று ஏறியதும் தெரியவில்லை. இன்றைக்கு 9 மேல் 0, 2 மேல் 5. எப்படிக் கூட்டினாலும் எண்பத்தெட்டு.

மூன்றாவது முறையாக ஆர்கன் எண்பத்தெட்டைத் தொடங்கியது. வெண்டெல் மூன்று தொப்பிகளையும் கையில் வைத்துக்கொண்டே, நடுவழியில், ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே, கோவிலின் முழு நீளத்துக்கும் நடந்தான். மூப்பர்களின் பெஞ்சுக்குப் பின்னால் குனிந்தான். பிளக்கைப் பிடுங்கினான்.

சிவப்பு அணைந்தது. ஆர்கன் நின்றது. அத்தனை கண்களும் அவன் மேல்.

"மன்னிச்சுக்குங்க" என்றான். குரல் கீச்சென்று வந்தது. "யாரும் சாகல. போதகர் ஐயா தொண்ணூறுதான் போட்டாரு. போர்டுதான் எண்பத்தெட்டாக் காட்டுச்சு. தப்பு என்னோடது."

"இருபத்தஞ்சும் போட்டேன்" என்றார் போதகர் நாற்காலியிலிருந்து, பலவீனமாக.

"அதுவும் எண்பத்தெட்டு."

"நாப்பத்திரெண்டு?"

"அதுவும்தான், ஐயா."

எங்கோ பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பி அடக்கப்பட்டது. போதகர் எழுந்து, அந்தக் கோவிலின் வரலாற்றில் முதல் முறையாக இருக்கலாம், பாட்டின் எண்ணை வாயால் சொன்னார். நாற்பத்திரண்டு பாடி முடித்தார்கள். போதகர் பிரசங்க மேடையின் படிகளில் ஏற ஆரம்பித்தார்.

வெண்டெல் இன்னும் முன்னாலேயே நின்றான். மரப்பலகை திரும்ப ஏறிவிடும். அது போகட்டும், இப்போது எங்கே போவது? போதகர் மேடை ஏறிய பிறகு நடுவழியில் நடப்பது அங்கே மகா பாவம். கதவு வெகு தூரம். கையில் மூன்று தொப்பிகள். இப்படியே பிளக் மாதிரி சுவரோரம் நிற்க வேண்டியதுதான் என்று நினைத்தபோது, பெஞ்சிலிருந்து ஒரு கை அவன் கோட்டின் நுனியைப் பிடித்து இழுத்தது.

"உட்காருடா" என்றார் ஆப்ரஹாம். கண் இன்னும் சிவந்திருந்தது. "மறைக்குது."

"எங்க, மாமா?"

ஆப்ரஹாம் பக்கத்துப் பலகையைத் தட்டினார்.

"அங்க… ஆரோன் சித்தப்பா…"

"அவன் தள்ளி உட்காருவான்."

வெண்டெல் பலகையின் விளிம்பில், ஒரு குழந்தை தூங்கும் கட்டிலில் உட்காருவது போல உட்கார்ந்தான். பிரசங்கம் எதைப் பற்றி என்று கடைசிவரை அவனுக்குத் தெரியவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே பாலிங்கா என்ற பழச்சாராயம் ஊற்றினார்கள். ஊர் முழுவதும் சாம்சொனிடம் நலம் விசாரித்தது. தான் செத்ததற்கு இவ்வளவு பேர் வருத்தப்பட்டதில் அவருக்கு ஏகப்பட்ட திருப்தி. ராஹெல் மாடியிலிருந்து இறங்கி வந்து வெண்டெலை மேலும் கீழும் பார்த்தாள்.

"அன்னிக்கு நான் ஏறுனது ஓடாத எண்பத்தெட்டு. இன்னிக்கு ஊரையே ஏத்திட்ட."

"தலையில நிக்கற வாசல்காரனுக்கு அஞ்சுல சொன்னா கேட்கல, ராஹெல். அவன் பன்னிரண்டுல நிக்கறான்."

"எங்க அப்பாகிட்ட நீ பேசற மாதிரி."

அதே நேரத்தில் ஆப்ரஹாம் அங்கே வந்ததால் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். அவர் கிளாஸை மருமகன் கையில் திணித்தார்.

"என்ன கோளாறு? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

வெண்டெல் சொன்னான். இரண்டு எண்கள், ஏழு கம்பி பொது, மாறி மாறி எரிய வேண்டியது, வாசல் சாத்தாதது. ஆப்ரஹாம் நடுவிலேயே கையை உயர்த்தினார்.

"நில்லு. ரெண்டு பேருக்கு ஒரே இடத்தையா குடுத்த? இவன் கொஞ்ச நேரம், அவன் கொஞ்ச நேரம்னு?"

"ஆமா மாமா. ரொம்ப வேகமா."

"எவ்வளவு வேகமானா என்ன? ஆளுக்கு ஒரு இடம் குடுக்கறதுக்கு உனக்கென்ன கேடு?"

திஹமேர் பொகாச்சாவோடு சொன்னதும் இதுதான். வாசல்களைச் சாத்த இன்னும் இரண்டு டிரான்சிஸ்டர் சேர்த்தால் பழைய சர்க்யூட்டையே காப்பாற்றிவிடலாம் என்று வெண்டெல் நடுவழியில் நடக்கும்போதே கணக்குப் போட்டிருந்தான். அதுவும் சரியாகவே வேலை செய்யும். ஆனால் யாருக்காகக் காப்பாற்றுவது என்று யோசித்தபோது தன்னைத் தவிர ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.

"சரி மாமா" என்றான். "ஆளுக்கு ஒண்ணு."

திங்களன்று பட்டறையில் திஹமேர் கதையை முழுக்கக் கேட்டு, சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்துவிட்டு, தன் இழுப்பறையிலிருந்து மூன்று சிப்புகளை எடுத்துக் கொடுத்தான். மூன்றிலும் துகள்.

அந்த வாரம் மூன்றாவது எண்ணும் வந்து சேர்ந்தது. எண்ணுக்கு ஒரு சிப். தலை நிரந்தரமாகப் பன்னிரண்டில். மாறி மாறி எதுவும் இல்லை. பார்த்தால் ஒரு சாமர்த்தியமும் தெரியாத, யார் வேண்டுமானாலும் செய்திருக்கக்கூடிய போர்டு. சனிக்கிழமை ராஹெலைப் பெஞ்சில் உட்காரவைத்து, புத்தகத்தில் இருந்த ஒவ்வொரு பாட்டின் எண்ணையும் வரிசையாகப் போட்டான். அவள் சத்தமாகப் படித்தாள். பாதிக்கு மேல் குரல் கம்மிப் போய்க் கையால் சரி, சரி என்று காட்டினாள்.

ஞாயிறு காலை வெண்டெல் கால் போன போக்கில் கொக்கிகளுக்குக் கீழே போய் நின்றான். முதல் தொப்பி கைக்கு வந்தது. போன வாரம் உட்கார்ந்தது அவசரத்துக்கு, மறைத்ததற்கு. இந்த வாரம் போர்டு சரியாக இருக்கிறது. முன்னால் இருக்க ஒரு காரணமும் இல்லை. சரியாகச் செய்தால் இடம் கிடைக்கும் என்று நினைத்தவன், சரியாகச் செய்து தன் இடத்தைத் தானே இழந்துவிட்டதாக எண்ணி உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தான்.

முன்வரிசையில் ஆப்ரஹாம் திரும்பிப் பார்த்தார். மொத்தச் சபையும் திரும்பிப் பார்த்தது.

"அங்க என்னடா பண்ற?" கோவில் என்றுகூடப் பார்க்காமல் கத்தினார். "உன் இடம் காலியாக் கிடக்குது. ஜனங்க எண்ணிப் பார்த்தா நீ செத்துட்டேன்னு நெனைச்சுக்குவாங்க!"

வெண்டெல் தொப்பியைக் கொக்கியில் மாட்டிவிட்டு நடந்தான். உட்கார்ந்தான். இந்தத் தடவை விளிம்பில் அல்ல. போதகரின் தலைக்கு மேலே, ஒரு மூச்சும் தயங்காமல், 90 எரிந்தது. சபை எழுந்தது.

முதல் சரணத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஆப்ரஹாம் அவன் பக்கம் சாய்ந்தார்.

"அந்த எண்பத்தெட்டு…"

"இனிமே வராது, மாமா. சத்தியமா."

"அதைச் சொல்லல. வருஷத்துக்கு ஒரு தடவை வேணும்னா வரட்டும்" என்றார் அவர், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆனா முதல்லயே சொல்லிடு. சாம்சொனுக்கு வயசாகுது."